எட்டேகால் குருவி

செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். ஞாயிறு காலைகளில் காப்புக்காட்டு வேலியோரம் வண்டிகளை நிறுத்திவிட்டு எட்டுப் பேர் உள்ளே நடப்போம். மழை முடிந்த இரண்டு மாதம்தான் ஓடையில் தண்ணீர் இருக்கும். பிறகு பாறைகளுக்கு நடுவே ஒரு ஈரக்கோடு. பறவைப் பட்டியல் என் பொறுப்பு. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஆதாரம் இல்லாத எதையும் ஏற்றமாட்டேன். ஒரு பதிவாவது ஏறியவர்களைத்தான் குளிர்காலக் கணக்கெடுப்பில் சேர்ப்போம். அந்த விதியும் என்னுடையதுதான்.

கீழ்க்கட்டளையில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் ஐந்து வாரமாக வந்துகொண்டிருந்தார். கணக்கெடுப்பில் சேர அவருக்கு அவ்வளவு ஆசை. பைனாகுலர் கிடையாது. ஒரு பதிவும் ஏறவில்லை.

அன்று ஓடைப்பக்கம் பின்தங்கியவர், மூச்சு வாங்க ஓடி வந்தார். ஆறுமணிக்குருவியைப் பார்த்தாராம். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். நான் இரண்டு வருடமாகத் தேடும் பறவை. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, ஓடையோரத் தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் சருகைப் புரட்டியது என்று வரிசையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போட்டோ இருக்கிறதா என்றேன். இல்லை. மணி என்ன என்றேன்.

"இப்பதான் மேடம், எட்டேகால் இருக்கும்."

"அப்போ அது எட்டேகால் குருவி. என் லிஸ்ட்ல அப்படி ஒண்ணு இல்லையே, அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் எண்ணில் எட்டு 'அ', கால் 'வ'; அதனால் 'எட்டேகால் லட்சணம்' என்றால் அவலட்சணம் என்று ஒரு பழைய கேலி உண்டு, தெரிந்தேதான் சொன்னேன். டியூஷனில் தமிழும் எடுப்பவர், அவருக்கும் தெரிந்தது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். வேலிக்குத் திரும்புவதற்குள் அவர் பெயரே 'எட்டேகால் அக்கா' ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறும் வந்தார். எல்லோரும் முன்னால் போனபின், ஷூ சேற்றைக் கழுவ நான் மட்டும் ஓடைக்குத் திரும்பினேன். அக்கா சொன்ன அதே தட்டைக் கல். பக்கத்தில் சருகைப் புரட்டிக்கொண்டு அது நின்றது. ஐந்து படம் எடுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து பட்டியலில் ஏற்றினேன். முதலில் பார்த்தவர்: என் பெயர். கேமரா 8.14 என்று காட்டியது. நேரம் என்ற கட்டத்தில் ஏழரை என்று போட்டேன்.

படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் பாராட்டுகள் குவிந்தன. கடைசியாக அக்கா எழுதினார்: "அதே கல்லு மேடம். இப்பவாவது என்னைக் கணக்கெடுப்புல சேர்ப்பீங்களா?"

பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுப் பதில் எழுதினேன்.

"உங்க பேர்ல பதிவு எதுவும் இல்லையே, அக்கா."