மலையிறங்கிய கால்கள்

பட்டாளத்துத் தேர்வுக்காக என் மகள் வயிற்றுப் பேத்தி சித்தூர் மைதானம் ஒன்றில் நாலு மாதம் பழகினாள். குடிபாலாவிலிருந்து காலை பஸ்ஸில் நானும் கூடவே போய்விடுவேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது. வேடிக்கைதான்.

பழக்குகிற சார் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். முதல் மாதம் யாரையும் ஓடவே விடவில்லை. நடை, குந்தி எழுவது, கரடி மாதிரி நாலு காலில் தவழ்வது. பொறுக்காமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இன்னா சார், ஓடறதுக்குத்தான வந்துக்கீதுங்க? தவழ வுட்டுக்கினு கீறீங்களே?"

"பெரியவரே, காளக்கன்ன மொத நாளே வண்டியில பூட்டுவீங்களா?"

பூட்ட மாட்டோம். வெறும் நுகத்தடியை வைத்து நடத்துவோம். பிறகு ஒரு கட்டையை இழுக்கவிடுவோம். அப்புறம்தான் வண்டி. என்னிடம் ஒரு காளை இருந்தது. வலப்பக்கம் கட்டினால் வெள்ளைக்காரன் மாதிரி நடக்கும், இடப்பக்கம் கட்டினால் படுத்துக்கொள்ளும். அது கிடக்கட்டும்.

இரண்டாம் மாதம் ஓட்டம். மூன்றாம் மாதம் முதுகில் மணல் பை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டினார். கடைசியில் பேத்தி தேர்வுக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே ஓடி முடித்தாள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சார் சொன்னார்: "இனிமே பாதிதான். கடைசி மூணு நாள் சும்மா நடங்க. நல்லா துன்னுங்க, தூங்குங்க. அதுவும் டிரெய்னிங்தான்."

இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கரும்பு வெட்டுகிறவன் ஒரு வாரம் படுத்துக்கிடந்தால் கத்தி கையில் நிற்காது. எழுத்து தெரியாவிட்டாலும் உடம்பு தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவள் தேறவேண்டும் என்று, இரண்டு பேரும் திருமலைக்கு நடந்தே வருவதாக நான் வேண்டியிருந்தேன். சும்மா இருக்கிற நாள்தானே, முடித்துவிடலாம் என்று கூப்பிட்டேன்.

"சார் திட்டுவாரு தாத்தா."

"சாமிகிட்ட போறதுக்கு யாரு திட்டுவாங்க? வா."

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு அலிபிரியில் மலைப்படி ஏறினோம். அவள் முன்னால் ஓடிப்போய் நின்றுகொண்டு, "இன்னா தாத்தா, ஆமையாட்டம் வந்துக்கினு கீற?" என்று சிரித்தாள். தரிசனம் முடிந்து வந்தால் பஸ்ஸுக்குப் பெரிய வரிசை. இறக்கம்தானே என்று படியிலேயே அழைத்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தொடை கல்லாக இருந்தது. மைதானத்தில் விஷயத்தைக் கேட்டதும் சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு ஏறச்சொன்னது?"

"நான்தான் சார் போனேன்," என்றாள் அவள்.

"இல்ல சார், நான்தான் இஸ்துக்கினு போனேன்," என்றேன்.

"ஏறினது போவட்டும். எறங்கினது எதுல?"

"படியிலதான்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்ளோதான். எறங்கும்போதுதான் தொட அடிவாங்கும். சரியாவ நாலஞ்சு நாளு ஆவும். தேர்வுக்கு ரெண்டு நாளுதான் கீது!"

அந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான். ஆனாலும் வாய் நிற்கவில்லை. "எனக்கு எழுவது தாண்டிச்சி. எனக்கு ஒண்ணும் ஆவலியே சார்?"

முறைத்தார். பிறகு அவரே கேட்டார்: "வருசா வருசம் ஏறி எறங்குவீங்களா?"

"பொரட்டாசிக்குப் பொரட்டாசி."

"அதான். ஒடம்பு எத பழகுதோ அதத்தான் தாங்கும். இவள நான் சமதரையில ஓடப் பழக்கினேன். படி எறங்கப் பழக்கல."

தேர்வு திருப்பதியில். நான் வேலிக்கு வெளியே நின்றேன். நேரம் முடிந்ததும் குறுக்கே கயிறு பிடித்துவிடுவார்கள். அதற்குள் வந்தவர்கள்தான் தேறியவர்கள். கடைசி வளைவு வரை நன்றாகத்தான் வந்தாள். அங்கே அவள் எடுத்துவைக்கும் எட்டு சின்னதாகிவிட்டது. இரண்டு எட்டு பாக்கி இருக்கும்போது கயிறு குறுக்கே வந்துவிட்டது.

திரும்பி வரும் பஸ் காணிப்பாக்கத்தைத் தாண்டியது. அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு வாட்டி ஓட ஒரு வருசம் வயசு கீது. அதுவரிக்கும் வேண்டுதல் அது இதுன்னு வாயத் தொறந்த, பாரு."

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசல்படியில் பிடிமானம் இல்லாமல் இறங்கினாள். தொடையை அமுக்கிப் பார்த்து, "வலி போச்சி," என்றாள். மலையேறிய நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். ஐந்தாம் நாள். "சார் சொன்னது எவ்ளோ கரெக்டு பாத்தியா!" என்று ஆச்சரியத்தில் கத்திவிட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு எனக்குக் காப்பி வரவில்லை.