வளராத மடவை

மீன் ஆய்வுக்கூடத்தில் அவளைக் கல்லக்கா என்றால்தான் தெரியும். மடவை மீனின் தலைக்குள் ஒரு சிறு காதுக்கல் இருக்கும். அதைச் சில்லாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தில் தெரிவதுபோல ஆண்டுக்கொரு வளையம் தெரியும். அவற்றை எண்ணி மீனின் வயதைச் சொல்வது அவள் வேலை. எண்ணி முடிக்கும்வரை மீனைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கண் அதன் நீளத்துக்குத் தோதாக எண்ணிவிடும் என்பது அவள் கட்சி.

அன்று வந்த கற்கள் அவள் தம்பி ஆய்வுக்கென்று கொடுத்தனுப்பிய மீன்களுடையவை. வளைகுடாவில் பெரிய மடவை அற்றுப்போய் நாளாகிவிட்டது. படகை விற்றுவிட்டு மச்சானின் பட்டறைக்குப் போகச் சொல்லி மனைவி நச்சரித்தும் அவன் மசியவில்லை. உள்ளங்கை அளவு மீன் சிக்கினால், "வளந்து வாங்கடா செல்லங்களா" என்று தண்ணீரிலேயே விட்டுவிடுவான். அவை வளரும் என்று நம்பித்தான் படகை வைத்திருந்தான்.

ஒன்பது வளையம். அடுத்ததில் பத்து. அதற்கடுத்ததிலும் பத்து. ஒவ்வொரு கல்லிலும் முதல் இரண்டு வளையம் மட்டும் அகலமாக இருந்தன. மற்றவை, வளர்ச்சி நின்றுபோனதுபோல, மயிரிழையாக நெருங்கிக் கிடந்தன. பிறகே மீன்கள் இருந்த தட்டைத் திறந்தாள். எல்லாம் உள்ளங்கை அளவு. ஒன்றின் வயிற்றைக் கீறினாள். முற்றிய முட்டை பிதுங்கியது.

மதியம் அவனோடு படகில் கடலுக்குப் போய்ச் சொன்னாள்.

"குஞ்சுக்கு எதுக்குக்கா வயசு? கண்ணாடிய மாத்து."

"குஞ்சு இல்லடா. எல்லாம் கிழவிங்க. வயிறு நிறைய முட்டை."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப நான் தினமும் கொஞ்சி விட்டதெல்லாம்?"

"பெரிசா வளந்ததையெல்லாம் நாம தின்னுட்டோம். வளராததுதான் மிஞ்சி முட்டை போட்டுச்சு. அதுங்க பெத்ததும் அப்படியே."

"சின்னக் கண் வலை போட்டா?"

"அதுலயும் தப்புற அளவுக்கு இன்னும் சிறுத்துடும்."

அவன் வலையை இறக்கினான். தெளிந்த நீரில் அடிவரை தெரிந்தது. மடவைகள் கூட்டமாக வந்தன. மிரளவில்லை, அவசரப்படவும் இல்லை. செதில்கூட நூலில் படாமல், ஒவ்வொன்றாக வலைக்கண் வழியே நுழைந்து அந்தப் பக்கம் போயின. சில அங்கேயே நின்று திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

வெறும் வலையை அவன் சுருட்டினான்.

"படகை விலைக்குக் கேட்டவன நாளைக்கே வரச் சொல்லிடுக்கா."

கரை வரும்வரை அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். படகின் நிழலுக்குள் அவை கூடவே வந்துகொண்டிருந்தன.