குழிக்கு ஒரு கன்று

என் கணவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்த பிறகு, தோட்டத்தில் குனிந்து, குந்தி வேலை செய்யவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவருக்குத் தோட்டத்தை விட்டால் வேறு உலகம் கிடையாது. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். எதைக் கேட்டாலும் ஓம், இல்லை என்பதோடு சரி. தோட்டத் தறை சும்மா கிடந்தால் எனக்குத் தெரியாமல் என்றைக்காவது மண்வெட்டியைத் தூக்கிவிடுவார் என்று பயந்தேன். அதனால் இம்முறை தக்காளியை நானே போடுவதென்று முடிவெடுத்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அவர் நாற்றுமேடையில் விதை தூவுவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, தொட்டதில்லை. குந்தி எழும்ப என் முழங்காலும் விடாது. எனவே குழிகுழியாக இருக்கும் பிளாஸ்ரிக் நாற்றுத் தட்டுகள் நாலு வாங்கித் தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பினேன். குழிக்கு ஒரு விதை போதும் என்றார் கடைக்காரர். விதைக்குப் போய்க் கஞ்சத்தனமா? என் கணவர் மேடையில் தூவுவதுபோல, போத்தலில் எடுத்துவைத்திருந்த விதை முழுவதையும் குழிக்கு ஒரு சிட்டிகையாகத் தூவினேன்.

குழிக்கு ஏழெட்டு முளைத்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கிழமை எல்லாம் நெருக்கியடித்து, நூலாக நெடுத்துச் சாயத் தொடங்கின. நெருக்கத்தைக் குறைத்து ஐதாக்கலாம் என்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன். குழியில் இருந்தது முழுவதும் வேரோடு வந்தது. அடுத்த குழியிலும் அதே கதிதான். போத்தலிலோ இனி ஒரு விதையும் இல்லை. முற்றத்தில் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சத்தம் கேட்டு அவர் மெல்ல வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். நல்ல பேச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ தட்டைத் தன் மடியில் வைக்கச் சொன்னார்.

"பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்துதான் வரும். உம்மடை சின்னக் கத்தரிக்கோலைத் தாரும்."

குழிக்கு ஒரு திடமான கன்றை விட்டுவிட்டு, மற்றவற்றை அடியில் நறுக்கினார். பாவம், இரண்டாவது நிற்கட்டும் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாற்றுமேடையைத் தூக்கி மடியில் வைக்க முடியாது. கதிரையில் இருந்தபடி செய்யத் தோட்ட வேலை ஒன்று உண்டென்று எனக்கோ டொக்டருக்கோ அதுவரை தோன்றவில்லை. கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் அன்றும் தோன்றியிருக்காது. என் மொக்குத்தனத்துக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

ஒரு தட்டு முடிந்தது. கத்தரிக்கோலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மற்றத் தட்டையும் கொண்டு வாரும். நாளைக்குக் கத்தரி விதையும் போடுவம்."