கத்திப் பெட்டியும் என்ரை கதிரையும்

கிட்ட வந்து இருங்கோ. மியூசியத்தில காவலுக்கு நிண்ட ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும்: களவெடுக்க ஒருத்தரும் வாறேல்லை, பாக்க வாறவையாலதான் உயிர் போறது.

லண்டனில எனக்குக் கிடைச்சது வேட்டைக் கத்தி அறை. அந்தக் காலத்துப் பிரபுக்கள் மான் வேட்டைக்குக் கொண்டுபோன கத்தியள். பிடியெல்லாம் தந்தம். தோல் உறையில நாய் முயலைத் துரத்துற மாதிரிச் சித்திரம். கத்தியளை வைச்ச கண்ணாடிப் பெட்டியில ஆரும் சாய்ஞ்சால் அலாரம் மணி அடிக்கும். என்ரை முழங்கால் ஏலாதெண்டு அங்கை ஒரு கதிரை தந்திருந்தவை. சூப்பர்வைசர் டெரிக்குக்கு அது கண்ணுக்குள்ள குத்தும். இந்தக் கிழமை இனி ஒருக்கா மணி அடிச்சால் கதிரை ஸ்டோருக்குப் போகுமெண்டு சொல்லிப்போட்டான். கதிரையில இருக்கிற காவலாளி நித்திரை கொள்ளுவானாம். அதுக்கு முதல் அடிச்ச மணியளின்ரை கதையைக் கேளுங்கோ.

கறை தேடின மனிசி

கமராப் போன் புதிசா வந்த காலம். ஒரு வெள்ளைக்கார மனிசி போனையும் நெத்தியையும் சேத்துக் கண்ணாடியில ஒட்டிக்கொண்டு நிண்டா. மணி அடிச்சுது. தள்ளி நில்லுங்கோ எண்டு பணிவாத்தான் சொன்னன். அவ என்னைத் திரும்பிப் பாத்து முகத்தைச் சுழிச்சா. "ரத்தக் கறையைக் கழுவினது ஆர்? நல்ல சாமானைப் பழுதாக்கிப் போட்டியள்."

இறைச்சிக்கடைத் தம்பி

பிரான்சில இருந்து வந்து லண்டன் அப்டன் பார்க்கில இறைச்சிக்கடை போட்ட எங்கடை தமிழ்த் தம்பி ஒருத்தர் வந்தார். கத்தியின்ரை கூர் பாக்கவெண்டு கண்ணாடியில ரெண்டு கையையும் ஊண்டினார். திரும்பவும் மணி. நான் தலையில கைவைச்சுக்கொண்டு நிக்க, அவர் ஆறுதலா எனக்குப் புத்தி சொன்னார். "அண்ணை, இதாலை கோழியும் வெட்டேலாது. உறையை வித்துப்போட்டு நல்ல கத்தி ஒண்டு வாங்கச் சொல்லுங்கோ."

கண்ணாடியில பொட்டு

டெரிக் எச்சரிச்ச கிழமைதான் ஆயுத பூசையும் வந்துது. எங்கடை அறை துடைக்கிற புனிதம் அக்கா பார்க்கிங் எண்ட ஊரில இருந்து வாறவ. காலமை, மணிச் சுவிச்சைப் போட முதல், பெரிய கத்திக்கு நேரே கண்ணாடியில சந்தனம் பூசிக் குங்குமம் வைச்சிட்டா. இண்டைக்கு ஆயுதம் பொட்டில்லாமல் இருக்கப்படாதாம். அழிக்கச் சொல்லிக் கெஞ்சினன். அழிக்கிறது பாவமெண்டு வாளியோடை போயிட்டா.

கதிரை போச்செண்டு இருந்தன். ஆனால் வந்த சனம் மூக்குக்கு நேரே சிவப்பைக் கண்டு முகத்தைப் பின்னுக்கு இழுத்துது. அண்டு முழுக்க மணி அடிக்கேல்லை. பின்னேரம் டெரிக் வந்து பொட்டைக் கண்டு, ஆர் செய்த வேலையெண்டு கேட்டான். பின்னேரத் துடைப்புக்கு வந்த புனிதம் அக்கா துணியை மடிச்சுக்கொண்டு தன்ரை அரைகுறை இங்கிலீசில சொன்னா: "சேர், மூக்கை வைக்கவேண்டாம் எண்ட அடையாளம். நாளைக்கு எல்லாப் பெட்டிக்கும் வைக்கட்டோ?"

டெரிக் எல்லாக் கண்ணாடிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவிச்சான், என்ரை கதிரையும் தப்பிச்சுது, ஆனால் அண்டையில இருந்து அதில சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கால் நீட்டி இருக்கிறது புனிதம் அக்கா, பக்கத்தில நிண்டு டெரிக் வாறானோ எண்டு காவல் பாக்கிறது நான்.