தாய்மாமன் ஏன் சாப்பிடவில்லை

பெரம்பலூரில் ரவிக்கை தைக்க வேல்முருகனை விட்டால் ஆளில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களில் முதல் ஆள் வேல்முருகன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்தபோது, விக்கிரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா வெற்றிச்செல்வி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்தாளே தவிர, உரிமையை விடவில்லை. போன் செய்தால் தம்பியை விசாரிக்கமாட்டாள். "எங் கிட்னி எப்புடிடா இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் கிட்னியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, ஆயுசுக்கும் காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும். தவறினால் கிட்னி கெட்டுப்போகும். அதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். நேரம் வந்தால் பெட்டி கத்தும். மூடியைத் திறந்தால் அக்காவின் போனில் பச்சை டிக் விழும். திறக்காவிட்டால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் அக்கா போனிலேயே பிடித்து உலுக்கிவிடுவாள்.

அந்த மாத்திரைக்கு ஒரு கெட்ட குணம். போட்ட கொஞ்ச நேரத்தில் கை நடுங்கும். ஊசியில் நூல் கோப்பதற்குள் உயிர் போய்விடும். ஆவணி முகூர்த்த நேரத்தில், கழுத்து கோணிய ரவிக்கை ஒன்றைக் கல்யாணப் பெண்ணின் அம்மா அவன் முகத்தில் விட்டெறியாத குறையாகத் திருப்பித் தந்தாள். அன்றோடு வேல்முருகன் காலை மாத்திரைக்கு முழுக்குப் போட்டான். பெட்டியைப் பக்கத்து டீக்கடை நல்லதம்பியிடம் ஒப்படைத்தான்.

"மாத்திரய நான் கையில வெச்சிருக்கேண்ணே. இது கத்துனா மூடியத் தொறந்து மூடிடுங்க, போதும்."

நல்லதம்பி சொன்ன சொல் தவறாதவர். அதுதான் வினையாகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் இல்லாமல் நடக்குமா? சீர்த்தட்டோடு முதல் நாளே போய் இறங்கினான். மறுநாள் காலைப் பந்தியில் நடு இலை அவனுக்குத்தான். இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்க்கும்போது, பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் இடுப்பில் செருகியிருந்த போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். பச்சை டிக். தம்பியைப் பார்த்தாள். அவன் கை இட்லியில் இருந்தது.

"பெட்டி எங்கடா?"

"பையில இருக்குக்கா."

"பைக்குக் கை மொளச்சிருக்கா?"

வேல்முருகன் இட்லியைக் கீழே வைத்தான். ரவிக்கை முதல் நல்லதம்பி வரை எல்லாவற்றையும் உளறினான். அக்கா கத்தவில்லை. தம்பி மறந்து வந்தால் ஆகுமென்று வாங்கி வைத்திருந்த மாத்திரை அட்டையை உள்ளே போய் எடுத்துவந்து விழுங்க வைத்தாள். வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை; போட்டால் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது. அதனால் ஒரு வாய்கூட உண்ணாத இலையை அவளே மடித்து எடுத்தாள்.

தாய்மாமன் எழுந்ததைப் பந்தலே பார்த்துவிட்டது. சும்மா விடுமா? ஒருவர் துண்டு போர்த்த ஓடிவந்தார். அக்காவின் மாமனார் அய்யம்பெருமாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மரியாதையில என்ன கொறை வெச்சோம் தம்பி? கோச்சுக்காம ஒக்காருங்க!"

"அவனுக்கு ஒரு கொறையும் இல்ல மாமா. எனக்குத்தான்," என்றாள் வெற்றிச்செல்வி. "இதையும் இவன் தொலச்சிட்டான்னா, குடுக்க எங்கிட்ட இன்னொண்ணு இல்ல."

ஒரு ரவிக்கைக் கழுத்துக்காக இதைச் செய்தோமே என்று வேல்முருகனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போர்த்திய துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் போனை வாங்கி ஆஸ்பத்திரி நர்ஸைக் கூப்பிட்டான்.

"சிஸ்டர், கை நடுங்குதுன்னு மாத்திரய விட்டுட்டேன். நாளைக்கே டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க வரேன்," என்றான்.