பச்சை வண்டியின் செக்கர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை புத்தூரிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது தணிகாசலத்தின் மகள். "நைனா போயிட்டாரு மாமா. காப்பி கேட்டாரு. எடுத்துக்கினு போறதுக்குள்ள இல்ல" என்றாள். அழவில்லை. பிறகு, "பழைய கம்பெனி ஆளுங்க யாருக்கன்னா சொல்லணுமா?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து நான்கு பேர்தான் மிச்சம் இருக்கிறோம். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவர் பம்பாயில் மகனோடு இருக்கிறார். அந்த மூன்று பேருக்கும், சித்தூர் திருப்பதி சாலையில் பச்சை வண்டியில் ஏறி இறங்கிய ஞாபகம் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஆந்திரம் தனி மாநிலமான புதிதில் நான் அந்த பஸ் கம்பெனியில் கண்டக்டராகச் சேர்ந்தேன். கம்பெனிக்கு நீளமான சாமி பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. பஸ்களின் வர்ணத்தை வைத்துப் 'பச்சை வண்டி' என்பார்கள். சித்தூரில் ஷெட். பன்னிரண்டு பஸ்கள் திருப்பதிக்கும் நகரிக்கும் திருத்தணிக்கும், குடிபாலா வழியாக வேலூருக்கும் ஓடின. நகரிக்காரரான தணிகாசலம் அங்கே செக்கர். நடுவழியில் கைகாட்டி வண்டியில் ஏறி, பயணிகளின் டிக்கெட்டுகளைச் சரிபார்த்து, கண்டக்டரின் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது அவர் வேலை. ஒல்லியாக, உயரமாக இருப்பார். எந்தக் கண்டக்டரிடமும் டீ வாங்கிக் குடிக்கமாட்டார். அவரை யாருக்கும் பிடிக்காது என்பதை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

எனக்கும் பிடிக்காது. ஒருநாள் சந்திரகிரியில் ஏறிய நான்கு பேருக்கு நான் டிக்கெட் கிழிக்கவில்லை. டிரைவரோடு பேசிக்கொண்டிருந்ததில் விட்டுப்போயிற்று. இரண்டு மைல் தாண்டுவதற்குள் தணிகாசலம் ஏறிவிட்டார். நான் கெஞ்சினேன். "சார், மறந்துட்டேன் சார். சாமி சத்தியமா." அவர் நோட்டுப் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டே, "மறந்துட்டன்னுதான் எழுதிக்கினு கீறேன். கையெழுத்து போடு" என்றார். மூன்று நாள் சஸ்பெண்ட் ஆனேன். வெகுநாள் கழித்து ஷெட் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது: அந்த இடத்தில் வேறு செக்கராக இருந்தால் 'கையாடல்' என்று எழுதியிருப்பார், என் வேலையே போயிருக்கும். இவர் எழுதியது 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல். என் முகத்தைப் பார்த்து அதை முடிவு செய்தாராம். இதை அவர் என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை.

பிறகு ஆந்திரத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் இருந்த எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சத்தியவேடு பக்கம் ஆந்திரத்துக்கு வந்தது. ஊர்வலம் போனவர்கள் வீட்டுக்குப் போனார்கள். எங்கள் கம்பெனிக்கு மட்டும் அன்றிலிருந்து கஷ்டம் ஆரம்பித்தது. திருத்தணி ரூட்டுக்கு இனி இரண்டு மாநிலங்களின் பர்மிட் வேண்டும். அது வரும்வரை வண்டிகள் நகரியைத் தாண்டக்கூடாது. பயணிகள் எல்லையில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கத்து வண்டியில் ஏறினார்கள். கொஞ்ச நாளில் ரயிலுக்கே போய்விட்டார்கள். முதலாளி ஏற்கெனவே வண்டிகளின் பேரில் கடன் வாங்கியிருந்தார். டீசல் போடுகிறவர் இனிக் கடன் இல்லை என்று சொன்ன வாரத்தில் ஐந்து வண்டிகள் ஷெட்டில் நின்றன. கம்பெனி திவால் என்று சித்தூர் பூராவும் பேச்சு.

அப்போது நெல்லூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். அரிசி மில் வைத்திருந்தவர்கள். கம்பெனியில் பணம் போடத் தயார், ஆனால் ஊழியர்கள் எல்லோரும் சம்பளத்தில் ரூபாய்க்கு நாலணா விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். பேசுவதற்கு எங்கள் தரப்பில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. சங்கம் என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. டிரைவர் பெருமாள்தான் தணிகாசலத்தின் பெயரைச் சொன்னார். "அந்தாளுக்கு இங்க ஒரு சினேகிதன் கெடையாது. அதனால யாருக்கும் சாதகமா பேசமாட்டான். தெலுங்கும் நல்லா வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. "போறேன். ஆனா வந்து உள்ளத உள்ளபடிதான் சொல்லுவேன். அப்பறம் என்னத் திட்டக்கூடாது" என்றார்.

சகோதரர்கள் திருமலைக்குப் போய்த் தரிசனம் முடித்துவிட்டு, கீழே திருப்பதியில் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தார்கள். தணிகாசலத்தோடு இன்னும் இரண்டு பேர் போனோம், அதில் நான் ஒருவன். மூத்தவர் மரியாதையானவர். எங்களை உட்காரவைத்து ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். நான் உடனே வாயில் போட்டுக்கொண்டேன். தணிகாசலம் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தார். "பிரசாதம் வேற, பேச்சு வேற" என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். மூத்தவருக்குத் தமிழ் புரியும் போலிருக்கிறது. அவரும் சிரித்துவிட்டார்.

பேச்சு தெலுங்கில் நடந்தது. நாலணாவைக் குறைக்க வழியில்லை என்றார் மூத்தவர். இளையவர்தான் வேறொரு யோசனையை எடுத்தார். நாற்பத்தாறு பேரில் ஒன்பது பேர் திருத்தணிப் பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த ரூட்டே இப்போது இல்லை. அவர்கள் வேறு மாநிலத்தார் ஆகிவிட்டார்கள். அந்த ஒன்பது பேரை அனுப்பிவிட்டால் மற்றவர்களுக்கு ஒரு பைசாவும் குறைக்க வேண்டாம். சொல்லிவிட்டு, "மீரு மா வாள்ளே கதா" என்று தணிகாசலத்தைப் பார்த்தார். நகரி ஆந்திரத்தில் இருக்கிறது, நீங்கள் எங்கள் ஆள்தானே, என்று அர்த்தம். தணிகாசலம் தெலுங்கிலேயே பதில் சொன்னார். கோடு போட்டபோது தன் வீடு இந்தப் பக்கம் விழுந்தது என்றும், அதில் தன்னுடைய சாமர்த்தியம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். ஆனால் யோசனையை அவர் மறுக்கவில்லை. போய்ச் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டார்.

அந்த ஒன்பது பேரில் நான் ஒருவன். இளையவருக்கு அது தெரியாது. சித்தூர் திரும்பும்வரை பஸ்ஸில் தணிகாசலம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் எனக்காக ஏதாவது பேசியிருக்கலாம் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டில் கூட்டம். தணிகாசலம் இரண்டு யோசனைகளையும் அவர்கள் சொன்னபடியே சொன்னார். கடைசியில் ஒருவர், "அந்த ஒம்போது பேரும் கொஞ்சம் வெளிய இருந்தா நல்லா பேசலாம்" என்றார். நாங்கள் எழுந்தோம். தணிகாசலம் கையைக் காட்டி எங்களை உட்காரச் சொன்னார். "ஓட்டு எடுக்கறப்ப அவங்க கைய தூக்கமாட்டாங்க. ஆனா இங்கதான் இருப்பாங்க. அவங்க மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியறத மட்டும் சொல்லுங்க."

பெருமாள் எழுந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. எங்கள் பக்கம் பார்த்தே பேசினார். "தம்பிங்களா, உங்க மேல எனக்கு இன்னா விரோதம்? எங்க வூட்ல சோறு துன்றவங்க ஏழு பேரு. புள்ளைங்க மூணும் பொண்ணுங்க. ரூபாய்க்கு நாலணா போச்சுன்னா வாரத்துல ரெண்டு நாள் அடுப்பு எரியாது. நீங்க சின்ன வயசு. அந்தப் பக்கம் போனா வேற கம்பெனி கெடைக்கும்." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எங்களில் ஒருவன் தலையாட்டக்கூடச் செய்தான்.

அதற்குப் பிறகு தணிகாசலம் பேசியதுதான் அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சாக இருக்கும். அதுவே நான்கு வாக்கியம். "நான் பதினோரு வருசமா வண்டியில ஏறி எறங்கிக்கினு கீறேன். ஒருத்தன நடுவழியில எறக்கணும்னா ஒரே ஒரு காரணம்தான் உண்டு, டிக்கெட் இல்லன்னு. நீ எந்த ஊருன்னு கேட்டு நான் யாரையும் எறக்கினதில்ல. எனக்கு சம்பளத்த வெட்டட்டும்." பிறகு, சம்பளக் குறைப்புக்குச் சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்று சொல்லி, முதலில் தன் கையைத் தூக்கினார்.

கைகள் மெதுவாகத்தான் எழுந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டுக்குப் பதினைந்து என்று குமாஸ்தா சொன்னார். பெருமாள் கை தூக்கவில்லை. மறுநாள் காலை அவரும் நானும் ஒரே வண்டியில் திருப்பதிக்குப் போனோம். வழியில் நிறுத்தி எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

தணிகாசலம் மறுபடி சகோதரர்களிடம் போனார். இரண்டு நாள் பேசி நாலணாவை மூன்றணாவாகக் குறைத்தார். மேனேஜருக்கும் அதே வெட்டு. ஒரு வருடத்துக்கு யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது. ஒப்பந்தம் தெலுங்கிலும் தமிழிலும் இருக்க வேண்டும். மூன்றையும் எழுதி வாங்கினார். வந்து படித்துக் காட்டியபோது யாரும் கைதட்டவில்லை. முதல் மாதம் குறைந்த சம்பளம் கைக்கு வந்த பிறகு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். செக்கர் என்பதால் பிடிக்காமல் இருந்தது ஒரு மாதிரி. இது வேறு மாதிரி.

ஒருமுறை நகரியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி நெசவுக்காரர்களுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முன் அந்த வேலை செய்தவரல்ல. கையை நிறுத்தாமலே என்னிடம் சொன்னார்: "ஊருக்கெல்லாம் நாயம் பேசிட்டு வந்தாரு. எனக்கு ஒரு ராட்டினம் வாங்கிக் குடுத்தாரு." தணிகாசலம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "ரெண்டாங்கையா வாங்கினது. நல்லா ஓடுது" என்றார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

இனி நான் சொல்லவிருப்பது எனக்குப் பெருமை தருவதல்ல. ஒப்பந்தத்தின் ஒரு வருடம் முடிந்த மறுவாரமே புது முதலாளிகளான அந்தச் சகோதரர்களிடமிருந்து முதல் உத்தரவு வந்தது. செக்கர் பதவி இனித் தேவையில்லை. அவ்வளவுதான். அவர் விசிலையும் நோட்டுப் புத்தகத்தையும் ஷெட்டில் ஒப்படைத்துவிட்டு, எங்கள் வண்டியிலேயே, டிக்கெட் வாங்கிக்கொண்டு நகரிக்குப் போனார். அவருக்காக யாரும் கூட்டம் போடவில்லை. கை தூக்கச் சொல்லவில்லை. ஒன்பது பேரில் ஐந்து பேர் அதற்குள் அந்தப் பக்கம் வேலை தேடிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் இருந்த நான்கு பேரும் பேசாமல் இருந்தோம். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அதைக் காரணமாக இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

சம்பள வெட்டு பத்தொன்பது மாதம் நீடித்தது. டிரைவர்கள் வேறு கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்ததும் தாமாகவே திருப்பிக் கொடுத்தார்கள். மேலும் நான்கு வருடம் ஓடி, பச்சை வண்டி இன்னொரு கம்பெனிக்கு விற்கப்பட்டு நீல வண்டி ஆயிற்று. நான் அதிலேயே ஓய்வு பெற்றேன். தணிகாசலம் புத்தூரில் நெசவாளர் சங்கம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் புத்தூரில் மகள் வீட்டில் அவரைப் பார்த்தேன். கண்பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார். சொல்ல நினைத்திருந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அன்று எங்களுக்காக நின்றதற்கு நன்றி, உங்களுக்காக நாங்கள் நிற்காததற்கு மன்னிப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"நின்னிருக்கலாம்" என்றார். பிறகு, "நன்றி எனக்கு இன்னாத்துக்கு? என்கூட இருபத்தொரு பேரு கைய தூக்கினாங்க. அவங்க பேரு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டார்.

நான் எட்டுப் பெயர் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. அன்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அவர் மீதிப் பதின்மூன்று பேரையும் வண்டி வாரியாகச் சொன்னார். திருப்பதி முதல் வண்டி டிரைவர், வேலூர் வண்டி கண்டக்டர், ஷெட்டில் டயர் மாற்றுகிறவர். இரண்டு பேருக்கு அப்பா பெயரும் சொன்னார். மகளிடம் காகிதம் வாங்கி எழுதிக்கொண்டேன். கை தூக்காத பதினைந்து பேரும் ஞாபகம் இருக்கிறார்களா என்று கேட்டேன். "அது எதுக்கு ஒனக்கு? அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க" என்று முடித்துவிட்டார்.

புதன்கிழமை புத்தூருக்குப் போய் வந்தேன். பழைய ஆட்களில் நான் ஒருவன்தான் போயிருந்தேன். அவர் உடைமை என்று எதையும் நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. என்னிடம் இருப்பது அந்தக் காகிதம் ஒன்றுதான். அதில் இருபத்தொரு பெயர்கள் என் கையெழுத்தில் இருக்கின்றன. தன் பெயரை அவர் அன்று சொல்லவில்லை, எனக்கும் எழுதத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: தணிகாசலம், செக்கர், நகரி.