சேர்மன் வராம பொட்டிய எடுக்கக் கூடாதாம்

எங்கப்பாவைக் குழியில வைக்க வேண்டிய நேரத்துல நாங்க சேர்மனுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். இத நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

சேர்மன்னா எங்க ஊரு பிரதேச சபையோட தலைவர். எந்தச் சபைன்னு சொல்ல மாட்டேன். மாத்தளைப் பக்கம், டவுன் முடிஞ்சு தேயிலை ஏறத் தொடங்குற இடம்னு வச்சுக்கோங்க. நான் ஸ்கூல் போறப்பவும் அவருதான் சேர்மன், என் மகளை ஸ்கூல்ல சேத்தப்பவும் அவருதான். கட்சி மாறினாரு, சின்னம் மாறிச்சு, மீசை வெளுத்துச்சு. நாற்காலிய மட்டும் விடல.

வேலையே செய்யாத மனுசன் எப்படி இத்தன காலம் ஜெயிக்கிறாருன்னு வெளியாளுங்க கேப்பாங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல, செத்த வீடுதான். தோட்டத்துல வரிசையா இருக்கிற லயத்து வீடுங்கள்ல யாரு செத்தாலும் வெள்ளை உடுப்பும் மலர்வளையமுமா வந்து நிப்பாரு. மைக்கப் புடிச்சு தமிழ்ல கொஞ்சம், சிங்களத்துல கொஞ்சம் பேசுவாரு. அவரு பேசி முடிக்காம பொட்டிய எடுக்கக் கூடாதுன்னு சாவுச் செலவுக்கு சந்தா சேத்து உதவுற எங்க மரணச் சங்கமே முடிவு பண்ணி வச்சிருந்துச்சு. ஒரு தடவை அவர எதிர்த்து ஒரு டீச்சர் நின்னாங்க. நல்ல மனுசி, லயத்துக்கு தண்ணிக் குழாய் வாங்கிக் குடுத்தவங்க. ஒரு சாவுக்கு வரலைன்னு சொல்லியே தோக்கடிச்சிட்டாங்க எங்க ஆளுங்க.

எங்கப்பா அவருகிட்ட கேட்டதெல்லாம் ஒரே ஒரு பாலம். லயத்துக்கும் கல்லறைக்கும் நடுவுல ஒரு ஆறு ஓடுது. வெயில் காலத்துல கணுக்கால் தண்ணி, மழை பேஞ்சா ஆளையே இழுத்துக்கிட்டுப் போயிரும். ஒவ்வொரு கூட்டத்துலயும் அப்பா எந்திரிச்சு, "ஐயா, செத்தவங்களையாவது நல்லபடியா கொண்டுபோய்ச் சேக்கணுங்க"ன்னு கேப்பாரு. "தோட்டத்துக்குள்ள சபைக் காச செலவு பண்ண சட்டம் இல்லையே"ன்னு இவரு கைய விரிப்பாரு. அப்புறம் சட்டத்தையும் மாத்துனாங்க. உடனே வந்து அடிக்கல் நட்டு ஃபோட்டோ புடிச்சாரு. அடுத்த தேர்தலுக்கு இன்னொரு அடிக்கல். பாலமா? மண்ணாங்கட்டி!

அப்பா செத்த மறுநாள் மத்தியானம் ஃபாதர் வந்து செபம் முடிச்சிட்டாரு. வானம் கருத்துக்கிட்டு வந்துச்சு. எடுப்போம்னு சொன்னேன். மரணச் சங்கத்துத் தலைவரு எங்க சித்தப்பாதான். "பொறும்மா, சேர்மன் வந்துக்கிட்டு இருக்காராம், ஃபோன்ல கோல் எடுத்துச் சொன்னாரு"ன்னாரு.

"மழை வருது சித்தப்பா, ஆறு பெருகிரும்."

"அவரு வாறதுக்கு முன்ன எடுத்தா அண்ணனுக்குத்தாம்மா மரியாதக் கொறவு."

அம்மாவும் தலைய ஆட்டுனாங்க. ஃபாதர் மணியப் பாத்துக்கிட்டே நின்னாரு.

மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டின பெறகுதான் ஐயா வந்து எறங்குனாரு. ஒருத்தன் குடை புடிக்க, மைக்க வாங்கினாரு. எங்கப்பா அவரோட வலது கையாம்! அட ஆண்டவரே, அந்த வலது கையோட பேரையே பக்கத்துல நின்னவன்கிட்ட கேட்டுத்தான் சொன்னாரு. கடைசியில, "இந்த அன்பர் கனவு கண்ட பாலத்தை நான் கட்டியே தீருவேன்"னு முடிச்சாரு. சனம் கை தட்டுச்சு. செத்த வீட்டுல கை தட்டுச்சுங்க!

எனக்குப் பொறுக்கல. "கட்டுறது இருக்கட்டுங்க. இப்ப வாங்க, ஒரு பக்கம் தோள் குடுங்க, ஆத்தக் கடப்போம்"னேன். அவரு என் தலையத் தடவி, "பாவம், துக்கத்துல பேசுது புள்ள"ன்னுட்டு, கலேவெலயில ஒரு கல்யாணம் இருக்குன்னு வண்டியில ஏறிட்டாரு.

ஆத்தங்கரை வரைக்கும் தூக்கிக்கிட்டுப் போனோம். தண்ணி செம்மண்ணா உருண்டு வந்துச்சு. எறங்க வேணாம்னு ஃபாதர் தடுத்துட்டாரு. வாசலத் தாண்டிப் போன பொட்டி திரும்பி வீட்டுக்குள்ள வரக் கூடாதும்பாங்க எங்க பக்கத்துல. எங்கப்பா திரும்பி வந்தாரு, தொப்பலா நனைஞ்சுக்கிட்டு. மறுநாள் தண்ணி வடிஞ்ச பெறகு, மைக்கும் பேச்சும் இல்லாம, கொண்டுபோய் அடக்கம் பண்ணுனோம்.

அதுக்கடுத்த தேர்தல்லயும் அவருதான் ஜெயிச்சாரு. ஓட்டுப் போட்டுட்டு வந்த அம்மாகிட்ட, வாய் சும்மா இருக்காம, "யாருக்கும்மா போட்டீங்க?"ன்னு கேட்டேன்.

அம்மா முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டே, "என்னடி கேள்வி இது? உங்கப்பா சாவுக்கு அந்த மழையிலயும் வந்தாருல்ல"ன்னாங்க.